கை நழுவும் மைலோ கோப்பை

வானொலியில் 10 வினாடி மௌனம் என்பது பெரிய சங்கதி. 3 வினாடி தாண்டினாலே நேயர்கள் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். 5 வினாடியில் பக்கத்து அறையிலிருந்து யாராவது ஓடி வருவார்கள். 10 வினாடி என்றால் மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டியதுதான்.

ஒரு 7 வயதுப் பிள்ளையின் மூளை அதே 10 வினாடி மௌனமாகிப் போனால் பெரும்பாலும் யாரும் ஓடி வருவதில்லை. “எங்கே பராக்குப் பார்க்கிறே?” என்று ஓர் அதட்டல் விழும், அவ்வளவுதான்.

அந்த 10 வினாடியில் நடப்பதும் வலிப்புதான். பிள்ளை விழாது, கை கால் உதறாது, வாயில் நுரை தள்ளாது. பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்கும். கண் திறந்தபடி ஒரே இடத்தில் நிலைகுத்தும். இமை மட்டும் லேசாகப் படபடக்கலாம். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்கிவிடும். இடையில் எதையோ தவறவிட்டோம் என்பதுகூட அதற்குத் தெரியாது. மருத்துவர்கள் இதை ‘அப்சென்ஸ்’ வலிப்பு என்கிறார்கள். பள்ளி வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்குப் போடும் அதே சொல். உடல் நாற்காலியில் இருக்கும், ஆள் சில வினாடிக்கு இருக்க மாட்டார். 4 வயதிலிருந்து 10 வயதுக்குள் தொடங்கும் வகையில் இது ஒரே நாளில் பல பத்துத் தடவை வரக்கூடும். சொல்வதெழுதலில் நடுநடுவே இரண்டு சொல் காணாமல் போகும். ஆசிரியர் ‘கவனம் தேவை’ என்று எழுதி அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 35 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் 10 வினாடியை யார் எண்ணிக்கொண்டிருப்பார்கள்?

பராக்குப் பார்ப்பதையும் இதையும் பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. தோளைத் தொட்டால் பகல் கனவு கலைந்துவிடும், வலிப்பு கலையாது. பராக்கு சலிப்பான பாடத்தில்தான் வரும். இதுவோ பிடித்த விளையாட்டின் நடுவிலும், வாயில் சோறு இருக்கும்போதும் வரும். சந்தேகம் வந்தால் மருத்துவர் பிள்ளையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து 3 நிமிடம் விடாமல் ஊதச் சொல்வார். அப்படி வேகமாக மூச்சு விட்டால், இன்னும் மருந்து எடுக்காத பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த அறையிலேயே வலிப்பு வந்து நிற்கும். அஞ்சு காசு செலவில்லாத இப்படியொரு சோதனை மருத்துவத்தில் அபூர்வம். ஆனால் அதை மருத்துவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும், வீட்டில் வேண்டாம்.

மூன்று மொழி, மூன்று விலங்கு

வலிப்பு என்றதும் நம் மனத்தில் வருவது ஒரே காட்சி. ஒருவர் தரையில் விழுந்து துடிக்கிறார், சுற்றிலும் கூட்டம், யாரோ சாவிக்கொத்தைத் தேடுகிறார். தமிழ்ப் படங்களும் பல காலமாக அதையே காட்டி வந்திருக்கின்றன. நாம் வைத்திருக்கும் பெயரும் அதற்கு ஏற்றதுதான்: காக்காய் வலிப்பு. காகத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் எதுவும் இல்லை. ‘கால் கை வலிப்பு’ என்பதே பேச்சில் மருவி இப்படி ஆனது என்பார்கள்.

நம் நாட்டில் வேடிக்கை என்னவென்றால், மற்ற மொழிகளிலும் ஒரு விலங்கு நிற்கிறது. மலாயில் ‘சாவான்’ என்ற சொல் இருந்தாலும், பேச்சு வழக்கில் பன்றியைச் சேர்த்துப் ‘பைத்தியம்’ என்று சொல்லும் பெயர் ஒன்று உண்டு. சீனத்தில் ஆடு. ஆட்டையும் பைத்தியத்தையும் சேர்த்த பெயர். மலாயாப் பல்கலைக்கழக நரம்பியல் மருத்துவர்கள் லிம் கெங் சியாங், டான் சோங் டின் ஆகியோர் சகாக்களோடு சேர்ந்து 2012-இல் இந்தப் பெயர்ச் சிக்கலையே ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பெயரே களங்கத்தைச் சுமக்கிறது என்பது அவர்களுடைய கவலை. ஹாங்காங்கில் 2010-இல் பைத்தியத்தை நினைவூட்டும் பழைய பெயரை விட்டுவிட்டு, மூளையைக் குறிக்கும் புதிய பெயருக்கு மாறினார்கள். கொரியாவிலும் மாற்றினார்கள்.

நம் பெயரில் பைத்தியம் இல்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் அதில் வேறொரு கோளாறு இருக்கிறது. கால் கை வலித்தால்தான் வலிப்பு என்று அது சொல்லிக்கொடுத்துவிட்டது. கால் கை வலிக்காத வலிப்பு நம் கண்ணில் படுவதே இல்லை. பட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றுவதில்லை. பெரிய விழுகையை மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பதின்ம வயதில் தொடங்கும் வலிப்பில், எந்த மருந்து கொடுப்பது என்பதையே அந்தச் சொல்லாத சின்ன விஷயங்கள்தான் தீர்மானிக்கின்றன.

தீபாவளி அதிகாலை

கிள்ளானில் இருக்கும் என் பெரியம்மா மகள் எனக்கு அக்கா முறை. அவர் மகளைப் பற்றி எழுத அவளிடமே அனுமதி கேட்டேன். “பேரும் ஸ்கூலும் போடாதீங்க சித்தி, மத்ததெல்லாம் எழுதுங்க” என்றாள். இப்போது அவளுக்கு 17 வயது, எஸ்பிஎம் ஆண்டு.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தீபாவளி அது. முந்தின நாள் இரவு 1 மணி வரை அம்மாவோடு உட்கார்ந்து முறுக்குப் பிழிந்திருக்கிறாள். பிறகு தோழிகளோடு கைத்தொலைபேசியில் கொஞ்ச நேரம். 4.30 மணிக்குப் பெரியம்மா எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து வெந்நீர்க் குளியலுக்கு அனுப்பினார். 10 நிமிடம் கழித்துக் குளியலறையில் ஏதோ விழும் சத்தம். கதவைத் திறந்தால் பிள்ளை தரையில் கிடந்து உதறிக்கொண்டிருக்கிறாள். பெரியம்மா மேசையிலிருந்த வீட்டுச் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தார். 2 நிமிடத்தில் உதறல் நின்றது. சாவியால்தான் நின்றது என்பதில் பெரியம்மாவுக்கு நேற்று வரை சந்தேகமே இல்லை.

பெரும்பாலான பெரிய வலிப்புகள் சில நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அது அடங்குவதற்கும் நேரம் சரியாக இருக்கும். இரும்புக்குக் கிடைத்த புகழுக்குக் காரணம் அதுதான்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. உறவுக்காரர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எண்ணெய் சூடு, வெந்நீர் சூடு, வயிற்றில் ஒன்றும் இல்லை, கண் பட்டுவிட்டது. இதில் வெந்நீர் என்று சொன்னவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை. வெந்நீரால் வரும் வலிப்பு என்று உண்மையிலேயே ஒன்று உண்டு. உலகில் அது அதிகம் பதிவானது தென்னிந்தியாவில்தான். கே.எஸ். மணி என்ற பெங்களூரு நரம்பியல் மருத்துவர் 1970-களில் 60 பேரைப் பற்றி எழுதினார். 1988-இல் அதே ஊர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த சதீஷ்சந்திராவும் சகாக்களும் 279 பேரைப் பற்றி எழுதினார்கள். 40 முதல் 50 டிகிரி வரை சூடான நீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றும் நம்மூர்க் குளியல்தான் தூண்டுதல். சிலர் விழுவதில்லை, திருதிருவென விழித்து, சம்பந்தமில்லாமல் பேசி, சிறிது நேரத்தில் தெளிவார்கள். நீரின் சூட்டைக் குறைப்பதே முதல் வைத்தியம். அதுவும் போதாவிட்டால், தலைக்குக் குளிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு மட்டும் குளோபசாம் மாத்திரை கொடுக்கும் முறை இருக்கிறது. குளியலுக்கு மட்டும் ஒரு மாத்திரை என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது. ஹாங்காங் மருத்துவர்கள் 2007-இல் மாஜோங் ஆட்டத்தின் நடுவே வரும் வலிப்பைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு சமூகத்திலும் மூளை அதன் பழக்கவழக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது போலும்.

ஆனால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வெந்நீர் காரணமில்லை. அது தெரியவர 5 மாதம் ஆயிற்று.

முதலில் பார்த்த தனியார் கிளினிக்கில் அக்கா குளியலறைச் சம்பவத்தை மட்டும் சொன்னார். அங்கே கார்பமசெபின் எழுதிக்கொடுத்தார்கள். டெக்ரெட்டால் என்ற பெயரில் பலர் வீட்டில் பார்த்திருக்கலாம். நல்ல மருந்து, பல வகை வலிப்புக்கு இன்றும் முதல் தேர்வு. ஒரு மாதத்தில் பிள்ளையின் நிலைமை மோசமானது. சாப்பிடும்போது கரண்டி பறந்தது. பேனா கையில் நிற்கவில்லை. இரண்டாவது பெரிய வலிப்பும் வந்தது. அதன் பிறகுதான் அரசாங்க மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போகக் கடிதம் கிடைத்தது.

அந்த மருத்துவர் ஒரு மலாய்ப் பெண்மணி. கோப்பைப் புரட்டிவிட்டு, அக்காவிடம் பேசாமல் நேராகப் பிள்ளையைப் பார்த்துக் கேட்டாராம்: “தீபாவளிக்கு முன்னாடி, காலையில் எழுந்தவுடன் கையிலிருந்து பொருள் ஏதாவது விழுந்திருக்கிறதா?”

பிள்ளை அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள், “மைலோ கோப்பை. மூணு உடைச்சிருக்கேன், டாக்டர்.”

ஓராண்டாக அது நடந்துகொண்டிருந்தது. காலை 5.45-க்கு எழுந்து, பள்ளிப் பேருந்து வருவதற்குள் அவசரமாகக் குடிக்கும் மைலோ. திடீரென்று தோள்பட்டை ஒரு வெட்டு வெட்டும். மின்சாரம் தொட்டதுபோல் இருக்குமாம். கோப்பை சுவரில் போய் அடிக்கும். அவளுக்கு நினைவு தப்பாது, எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். வீட்டில் அதற்கு வைத்த பெயர், ‘காலையிலேயே கைத்தொலைபேசி பார்க்கிற புத்தி’. பிறகு அவளுக்கு நெகிழிக் குவளைதான். அந்த மாற்றத்தை வீட்டில் பெரிய தீர்வாக நினைத்திருந்தார்கள் என்று அக்கா சொல்லும்போது குரல் இறங்கிப்போனது.

‘ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி’ என்பது இதன் பெயர். ‘இளவயதுத் தசைவெட்டு வலிப்பு’ என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 12 வயதிலிருந்து 18 வயதுக்குள் தொடங்கும். மொத்த வலிப்பு நோயாளிகளில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு இருப்பது இந்த வகைதான், அப்படியொன்றும் அபூர்வமில்லை. உறக்கத்திலிருந்து விழித்த ஒரு மணி நேரத்துக்குள் கை, தோள் வெட்டி இழுப்பது இதன் கையெழுத்து. பெரும்பாலோருக்கு ஒரு கட்டத்தில் பெரிய வலிப்பும் வரும். மூன்றில் ஒருவருக்கு முன்பு சொன்ன அந்த வெறித்த பார்வையும் உண்டு.

ஜெனீவா மருத்துவர் தியோடோர் எர்பன் இந்த வெட்டுகளை எழுதி வைத்தது 1867-இல் வெளிவந்த நூலில். அந்த நூலின் தலைப்பே முழுமையடையாத வலிப்புகளைப் பற்றியதுதான். ஆனாலும் 1957-இல் ஜெர்மானிய மருத்துவர் டீட்டர் யான்ஸ் தம் சகா கிறிஸ்டியனோடு சேர்ந்து இதைத் தனி நோயாக விவரிக்கும் வரை உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 90 ஆண்டுகள். கிள்ளானில் ஓராண்டு தாமதமானதற்கு நாம் மட்டும் வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த நோயில் எம்.ஆர்.ஐ. படம் இயல்பாகவே இருக்கும். ‘ஸ்கேனில் ஒன்றும் இல்லை’ என்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. சோதனையில்தான் அடையாளம் தெரியும். அதுவும் ஒரு தடவையில் தெரியாமல் போகலாம். அதனால் இரவு சரியாகத் தூங்காமல் காலையில் வரச் சொல்வார்கள். கண்ணெதிரே விளக்கை விட்டு விட்டு மின்னச் செய்து பார்ப்பார்கள். நம்மவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: சோதனைக்கு முன் தலையை நன்றாக அலசி, எண்ணெய் வைக்காமல் போங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனைகள் ஒட்டாது.

எல்லாச் சோதனைகளுக்கும் மேலாக மருத்துவர்கள் மதிப்பது வீட்டில் பார்த்தவர் சொல்வதைத்தான். சொல்லத் தெரியாவிட்டால் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று உறுதிசெய்த பிறகு 20 வினாடி போதும். முகம் தெரிய வேண்டும், இரண்டு கைகளும் தெரிய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உதறுகிறதா, இரு பக்கமுமா என்பதில் சிகிச்சையே மாறும். அந்தப் படத்தைக் குடும்ப வாட்சாப் குழுவில் போடாதீர்கள். அது மருத்துவருக்கு மட்டும்.

மாத்திரையின் பெயர்

எங்கள் பிள்ளைக்குக் கார்பமசெபின் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புகளுக்கு அது நன்றாக வேலை செய்யும். இரு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பும் இந்த வகையில் அது தசைவெட்டையும் வெறித்த பார்வையையும் கூட்டிவிடக்கூடும். பெனிடோயினுக்கும் அதே சிக்கல் உண்டு. கெட்ட மருந்து என்று யாரும் இதைப் படித்துவிட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ‘இது எந்த வகை வலிப்பு, இந்த மருந்து அதற்கு ஏற்றதுதானா’ என்று அடுத்த சந்திப்பில் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

கார்பமசெபினைப் பொறுத்தவரை இன்னொரு கேள்வியும் இருக்கிறது, நம் வட்டாரத்துக்கென்றே. 2004-இல் தைவான் ஆய்வாளர்கள், இந்த மருந்தால் தோல் வெந்து உரியும் கொடிய ஒவ்வாமை வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் ஒரே மரபணு வகை இருந்தது. சீனர், மலாய்க்காரர் ஆகியோரிடம் அது அதிகம், இந்தியரிடமும் உண்டு. ஓர் இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம். மருந்து தொடங்குமுன் அந்தச் சோதனை தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சலோடு தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனைதான்.

சரி, இளவயதுத் தசைவெட்டு வலிப்புக்கு எது நல்ல மருந்து? இங்கேதான் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். வால்புரோயேட், நம் மருந்தகங்களில் எபிலிம். இந்த வகைக்கு அதைவிட வலுவான மருந்து இன்றுவரை இல்லை. பிரிட்டனில் 520 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், வால்புரோயேட்டுக்குப் புதிய மருந்தான லெவெடிரசெட்டாம் ஈடாகவில்லை. ஆனால் கருவுற்றிருக்கும்போது வால்புரோயேட் எடுத்தால் 10 குழந்தைகளில் ஒன்று பிறவிக் குறையோடு பிறக்கக்கூடும். 10-இல் 3 அல்லது 4 குழந்தைகளுக்குப் பேச்சு, கற்றல், வளர்ச்சியில் சிக்கல் வரக்கூடும். அதனால் பெண்களுக்கு முடிந்தவரை வேறு மருந்தில்தான் தொடங்குகிறார்கள்.

ஆக, நோய்க்குச் சிறந்த மருந்து ஒன்று, அந்தப் பெண்ணின் நாளைக்குப் பாதுகாப்பான மருந்து இன்னொன்று. எங்கள் பிள்ளைக்கு லெவெடிரசெட்டாம் கொடுத்தார்கள். முதல் சில வாரம் எரிந்து எரிந்து விழுந்தாள். அந்த மருந்துக்கு அப்படியொரு குணம் உண்டு. அளவை மெதுவாகக் கூட்டிச் சரிக்கட்டினார்கள். வெட்டுகள் நின்று 14 மாதம் ஆகிறது.

இன்னொரு நெருடலான விஷயம். ‘பொண்ணு பார்க்க வரும்போது மாத்திரையை எடுத்து ஒளிச்சு வை’ என்று சொல்லும் அத்தைகள் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறார்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண், புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் குளியலறையில் மாத்திரை விழுங்குகிறாள். நாள் தவறினாலும் கேட்க ஆளில்லை. குழந்தை வேண்டும் என்று முடிவெடுக்குமுன் மருத்துவரைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டிய காலம் அந்த ஒளிவுமறைவிலேயே கழிந்துபோகிறது. ஏற்கெனவே வால்புரோயேட் எடுத்துக்கொண்டே கருவுற்றிருப்பவர்கள் பயந்துபோய் நிறுத்திவிடக் கூடாது. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலிப்பு நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திட்டமிட்டால் முடியும். திட்டமிடக் கணவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

செலவைப் பற்றிய பயமும் சிலரைத் தடுக்கிறது. குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து கடிதம் வாங்கிச் சிறப்பு மருத்துவரைப் பார்க்க 5 ரிங்கிட். காத்திருக்கும் நேரம் நீளம்தான், மறுக்கவில்லை. கோலாலம்பூரில் குழந்தைகளுக்குத் துங்கு அசிசா மருத்துவமனை இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையும் தூரமில்லை.

தூக்கம் என்னும் மருந்து

இந்த வகை வலிப்புக்கு மாத்திரையில் பாதி தூக்கம். தீபாவளி அதிகாலையில் பிள்ளையை வீழ்த்தியது எண்ணெயும் இல்லை, வெந்நீரும் இல்லை. மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவான தூக்கமும் அதிலிருந்து திடீரென்று எழுப்பியதும்தான். மது இன்னொரு தூண்டுதல். சிலருக்கு மின்னி மின்னி எரியும் வெளிச்சம். 1997 டிசம்பர் 16-இல் ஜப்பானில் போக்கிமோன் கார்ட்டூனின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதில் 685 பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு அதற்குமுன் வலிப்பே வந்ததில்லை.

இது பள்ளிப் பருவத்தோடு போய்விடும் என்று நினைத்தால், என் நேயர் ஒருவரின் கதையைக் கேட்க வேண்டும். 26 வயது, பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, கேஎல் சென்ட்ரல் பக்கம் கணினி வேலை. 4 ஆண்டுகள் ஒரு வெட்டுகூட இல்லை. குணமாகிவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்தினார். 3 மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு திட்டப்பணிக்காக இரண்டு இரவு விழித்து வேலை செய்துவிட்டு, மூன்றாம் நாள் காலை எல்ஆர்டி மேடையில் விழுந்தார். தண்டவாளப் பக்கம் விழாமல் இந்தப் பக்கம் விழுந்தது அவருடைய அம்மா செய்த புண்ணியம். மாமாக் கடையில் தே தாரிக் ஆறிக்கொண்டிருக்க அவர் சொன்னது: “மருந்துதான் என்னை நிக்க வெச்சிருக்குன்னு தெரியாம, நானே நிக்கிறேன்னு நினைச்சேன்க்கா.”

சிறு வயதில் வரும் வெறித்த பார்வை வலிப்பு பல பிள்ளைகளுக்கு வளர வளர விலகிவிடும். இளவயதுத் தசைவெட்டு வலிப்பு அப்படியில்லை. மருந்துக்கு நன்றாகக் கட்டுப்படும். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். பலர் நெடுங்காலம் எடுத்துக்கொண்டே படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். இப்போது அவர் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்றும் கற்றுக்கொடுத்திருக்கிறார். கூர்மையான பொருளை நகர்த்தி, தலைக்குக் கீழே எதையாவது மெத்தென்று வைத்து, உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. வாயில் கரண்டியோ தண்ணீரோ கூடாது. கையைக் காலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது தெளியாமலேயே மறுபடி வந்தால் 999. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார். ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்வாராம்.

எஸ்பிஎம் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரவு 2 மணி வரை விளக்கு எரிவதைப் பெருமையாகப் பேசுகிறோம். எங்கள் அக்கா வீட்டில் 10.30-க்கு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். ‘படிக்கவே விடமாட்டேங்கிறாங்க’ என்று என்னிடம் புகார் செய்கிற ஒரே எஸ்பிஎம் மாணவி அவளாகத்தான் இருக்கும். பள்ளியில் மருத்துவரின் கடிதத்தைக் கொடுத்ததில் வகுப்பாசிரியர் நன்றாகவே நடந்துகொண்டார். அவர் கேட்ட முதல் கேள்வி, ‘நான் என்ன செய்யணும், சொல்லுங்க’ என்பதுதான்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்க வேண்டும் என்பது அவளுடைய நேர்த்தி. வீட்டில் பெரிய விவாதம். வழக்கம்போல் இரவு துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து தேரோடு விடிய விடிய நடந்து, வெறும் வயிற்றோடு 272 படி ஏறுவது என்றால் முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தூங்கி எழுந்து, நேரத்துக்கு மாத்திரையும் ஆகாரமும் எடுத்துக்கொண்டு, பகலில் நேராகப் பத்துமலைக்குப் போவது என்றால் தடையில்லையாம். விரதம் என்பதால் பட்டினி கூடாது, சைவம் போதும் என்பதும் பேசி முடிந்தது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று பெரியம்மாவே தீர்ப்புச் சொன்னார். அக்கா பின்னால் நடப்பார், நான் முன்னால். பெரியம்மா கீழே நிழலில் உட்கார்ந்திருப்பார். சாவிக்கொத்து மட்டும் வண்டியிலேயே இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லியாயிற்று. ஒப்புக்கொண்டார், அரை மனதாக.